களத்தில் நான் வாசித்த செய்தி

இது நடந்தது போன வருடத்துக்கு முந்தின வருடம், மாசி மாதக் கடைசியில். ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை போகும் வழியில் பிரிகிற ஒரு மண்சாலையில் நான் வேலை பார்க்கும் ஜவ்வரிசி மில் இருக்கிறது. மில்லுக்குள் மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பால் இறக்கி, மாவை உருட்டி, வறுத்து வெளியே அனுப்புவார்கள். அதை சிமென்ட் களத்தில் பரப்பி, நீளக் கைப்பிடி போட்ட பலகையால் தள்ளித் தள்ளிக் காய வைப்பது எங்கள் வேலை. பதினாறு பேர் இருந்தோம், எல்லாம் பெண்கள். மேலே வெயில், காலுக்கடியில் சிமென்ட் சூடு, சுற்றிலும் கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையும் தலையில் துண்டுமாக நிற்போம்.

அந்தப் பதினாறு பேரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள் நான் ஒருத்திதான். அதனால் பத்து மணி டீக்கு உட்காரும்போது ஆபீசுக்கு வரும் பேப்பரை வாட்ச்மேனிடம் கேட்டு வாங்கி வந்து எல்லோருக்கும் சத்தமாக வாசிப்பேன். முதலாளி பதினொரு மணிக்குத்தான் வருவார். அதற்குள் மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தங்கம் விலை, ராசிபலன், எந்த ஊரில் எந்த லாரி கவிழ்ந்தது, எல்லாம் என் வாயிலிருந்துதான் அவர்களுக்குப் போகும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்.

செய்தி வந்ததற்கு முந்தின வருடம் பங்குனியில் ஒரு பெண் எங்கள் களத்துக்கு வந்தாள். சேலத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி படிக்கிறாளாம். சொந்த ஊர் ஆத்தூர்ப் பக்கம் என்றாள். அதனாலோ என்னவோ வார்த்தைக்கு வார்த்தை நாங்கள் ஒட்டும் ‘ங்க’ அவள் பேச்சில் இல்லை. முக்காலி மாதிரி ஒரு ஸ்டாண்டை களத்தின் நடுவில் நிறுத்தி, வெயிலின் சூட்டை அளக்க என்று அதன்மேல் ஒரு கறுப்புப் பந்தை வைத்தாள். வருடா வருடம் வெயில் ஏறிக்கொண்டே போகிறது, பருவம் மாறுகிறது, வெளியில் நின்று வேலை செய்யும் பெண்களின் உடம்பை அது என்ன செய்கிறது என்று பார்க்க வந்திருப்பதாகச் சொன்னாள்.

யாரும் நம்பவில்லை. கறுப்புப் பந்துக்குள் கேமரா இருக்கிறது, நாம் எத்தனை நேரம் சும்மா நிற்கிறோம் என்று முதலாளி பார்க்கிறார் என்று ஒருத்தி சொன்னாள். முதலாளி அந்தப் பெண்ணுக்கு நிழலில் சேர் போட்டு மோர் கொடுத்தது வேறு எங்கள் சந்தேகத்தை இரட்டிப்பாக்கியது. காலையிலும் வேலை முடிந்தும் எங்களை எடை பார்த்தாள். பிறகு ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து சிறுநீர் கேட்டபோது எல்லோரும் ஒரே குரலில் மாட்டேன் என்றுவிட்டோம்.

“அதையெல்லாம் எதுக்குங்க கேக்கறா? கிட்னி எவளுக்கு நல்லா இருக்குதுன்னு பாக்கறாளோ என்னமோ” என்றாள் எங்களில் மூத்தவள். சிரித்தோம். ஆனால் உள்ளுக்குள் பயமும் இருந்தது.

நான் மனசு மாறியது அவள் கேட்ட ஒரு கேள்வியால்தான். “அக்கா, காலையில வந்ததுல இருந்து எங்க ஒதுங்குறீங்க?” என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் யாரும் எங்களிடம் கேட்காத கேள்வி அது. மில்லுக்குள் ஒரே ஒரு கழிப்பறை, அதுவும் ஆண்கள் போவது. நாங்கள் திப்பி, அதாவது அரைத்த கிழங்கின் சக்கை, காய்ந்து கிடக்கும் மேட்டுக்குப் பின்னால் போக வேண்டும். லாரி நின்றால் அதுவும் முடியாது. “அதனால தண்ணியே குடிக்கறதில்ல கண்ணு. சாயங்காலம் ஊட்டுக்குப் போய்த்தான் ஒரு சொம்பு குடிப்போம்” என்றேன். அவள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மற்றவர்களிடம் நானே போய், “நல்ல புள்ளையாத்தான் தெரியுது, கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க” என்றேன். என் பேச்சைக் கேட்டு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பத்து நாள் வந்தாள். அப்புறம் போய்விட்டாள். நாங்களும் மறந்துவிட்டோம்.

இப்போது அந்த மாசி மாத நாளுக்கு வருகிறேன். பேப்பரை விரித்ததும் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசிக் களத்தின் படம். எங்கள் களமா, வேறு களமா தெரியவில்லை. சட்டை போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நிற்கும் பெண்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். பக்கத்தில் பெரிய எழுத்தில் தலைப்பு: ‘அதிகரிக்கும் வெப்பம்: வெயிலில் வேலை செய்யும் பெண்களுக்குக் கரு தங்காது! ஆய்வில் அதிர்ச்சி’. கீழே அந்த ஆராய்ச்சிப் பெண்ணின் பெயர்.

“அடியே, நம்மளப் பத்திப் போட்டிருக்குதுடி!” என்று ஒருத்தி கத்தினாள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன். பருவநிலை மாற்றத்தால் வெயில் கூடுகிறது, களத்தில் வேலை செய்யும் பெண்களின் உடம்பில் தண்ணீர் வற்றுகிறது, கருவையே கலைக்கும் அளவுக்கு ஆபத்து, இப்படி இரண்டு பத்தி. வாசிக்க வாசிக்க என் குரல் ஏறியது எனக்கே தெரிந்தது. பயங்கரமான செய்தியை வாசிக்கும்போது கேட்பவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள் இல்லையா, அதில் ஒரு ருசி இருக்கிறது.

எனக்கு அடுத்த வரிசையில் தள்ளும் ஒரு பெண் இருந்தாள். இருபத்து நான்கு வயது இருக்கும், எனக்குத் தங்கச்சி மாதிரி. வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வடக்கே போனால் மாதக் கணக்கில் வருவதில்லை. அதற்கு நாலு மாதம் முன்னால், ஐப்பசியில், அவளுக்கு நாலாம் மாதத்தில் கரு கலைந்து போயிருந்தது. முந்தின நாள் வரைக்கும் களத்துக்கு வந்துகொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியும். அவளை ஆஸ்பத்திரியில் பார்க்க பஸ் ஏறிப் போனவளே நான்தான். ஆனால் அந்த நிமிடம் அவள் அங்கே உட்கார்ந்திருப்பது என் புத்தியில் உறைக்கவில்லை.

“என்னக்கா போட்டிருக்குது? இன்னொருக்காப் படிங்க” என்றாள்.

படித்தேன். முதலிலிருந்து, அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். முடித்து நிமிர்ந்தபோதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். டீ டம்ளரைத் தரையில் வைத்தாள். எழுந்து போய் பலகையை எடுத்தாள். சாயங்காலம் வரைக்கும் யாரிடமும் வாய் திறக்காமல் தள்ளிக்கொண்டே இருந்தாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

ஊருக்குள் அந்தச் செய்தி எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. தலைப்பையும் படத்தையும் மட்டும் போனில் எடுத்து யாரோ அனுப்ப, அது ஆளுக்கு ஆள் கைமாறியது. வடக்கே ரிக் வண்டியில் இருந்த அவள் வீட்டுக்காரருக்கே அது போய்விட்டதாம். “வேலைக்குப் போகாதேன்னு அன்னைக்கே சொன்னேன், கேட்டியா?” என்று போனில் கத்தினாராம். அவர் அப்படிச் சொன்னதே இல்லை என்று அவள் பக்கத்து வீட்டுக்காரி எங்களிடம் சொன்னாள். மாமியாரோ, “பேப்பர்லயே போட்டுட்டாங்க, இனி என்னத்தச் சொல்ல” என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

நாலாம் நாள் முதலாளி எங்களைக் கூப்பிட்டார். அந்தச் செய்தியைக் கத்தரித்து ஆபீஸ் போர்டில் குத்தி வைத்திருந்தார்.

“பாருங்கம்மா, இது உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். பொம்பளைங்க பாவம் எனக்கெதுக்கு? நாளைக்கு ஒருத்திக்கு ஒன்னு ஆச்சுன்னா மில்லு மேல கேஸு வரும். களத்துக்கு ஆம்பளை ஆளுகளப் போட்டுக்கறேன். மூட்டை புடிக்கற எடத்துல நாலு பேருக்கு வேணா வேலை இருக்குது” என்றார்.

ஒரு வாரத்தில் வெளி மாநிலத்து ஆட்கள் பத்துப் பேர் வந்து இறங்கினார்கள். ஒரு வாரத்தில் எப்படி ஆள் கிடைத்தது? அந்தக் கேள்வி என் மண்டைக்குள் சுற்ற ஆரம்பித்தது. ஆண்கள் என்றால் ராத்தங்கி வேலை செய்வார்கள், அவசரத்துக்கு லோடு ஏற்றுவார்கள் என்று அவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்தான். சேர் போட்டது, மோர் கொடுத்தது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணும் இவரும் சேர்ந்துதான் இதைச் செய்திருக்கிறார்கள் என்று முடிவுக்கே வந்துவிட்டேன்.

மற்றவர்கள் என்மேல் பாய்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. “நீதான அவளுக்குப் பதில் சொல்லச் சொன்னே? நம்ம வாயாலயே நம்ம சோத்துல மண்ணப் போட்டுக்கிட்டோம்” என்றாள் மூத்தவள். போர்டில் இருந்த செய்தியைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை சேலம் பஸ் ஏறினேன். அந்த ஆராய்ச்சிப் பெண்ணை நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும். அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

கல்லூரி வாசலில் காவலாளி விடவில்லை. அரை மணி நேரம் நின்ற பிறகு அவளே இறங்கி வந்தாள். என்னைப் பார்த்ததும், “அக்கா! நீங்களா!” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை. போனை அவள் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

“இதுக்குத்தான் எங்ககிட்ட வந்து நைசாப் பேசுனியா? பதினாறு குடும்பத்தக் கெடுத்துப்போட்டியே, உனக்கு மொதலாளி என்ன குடுத்தாரு?”

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. “அக்கா, இத நான் சொல்லவே இல்ல.”

“உன்ற பேரு போட்டிருக்குது.”

“பேரு என்னுதுதான். ஆனா நான் இத சொல்லல” என்றாள். என்னை உள்ளே அழைத்துப் போய் ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, மாடிக்கு ஓடிப்போய் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தாள். அவள் எழுதிய ஆய்வு. ஒரு பக்கத்தைத் திறந்து தமிழில் சொன்னாள். வெயில் ஏறும்போது உடம்பில் தண்ணீர் வற்றுகிறது, உண்மைதான். ஆனால் எங்கள் களத்தில் அதை மோசமாக்குவது கழிப்பறை இல்லாததும் நிழல் இல்லாததும். கழிப்பறையும் நிழலும் வேளாவேளைக்கு ஓய்வும் இருந்தால் பெரும்பாலான கஷ்டம் குறையும். இதுதான் அவள் எழுதியதாம்.

“இங்கிலீஷ்ல என்ன வேணாலும் இருக்கும். நீ சொல்றதுதான் இருக்குதுன்னு நான் எப்படி நம்பறது?” என்றேன்.

அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. “நம்பாதீங்க. எடுத்துட்டுப் போய் யார்கிட்ட வேணும்னாலும் படிக்கச் சொல்லிக் கேளுங்க” என்று புத்தகத்தை என் கையில் வைத்தாள். கர்ப்பத்தைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாளா என்று கேட்டேன். ஒரே ஒரு வரி என்று சொல்லி, கடைசிப் பக்கங்களில் ஓர் இடத்தில் பென்சிலால் லேசாகக் கோடு போட்டுக் கொடுத்தாள்.

எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ரோட்டுக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணிடம், யாருடையது என்று சொல்லாமல், இந்த வரிக்குத் தமிழில் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவள் இரண்டு முறை வாய்க்குள் படித்துவிட்டு, “கர்ப்பத்துக்கு என்ன பாதிப்புன்னு நாங்க பாக்கல, அதைப் பத்தி இதுல இருந்து ஒன்னும் சொல்ல முடியாது, அப்படீன்னு எழுதியிருக்குதுங்க” என்றாள்.

பெரிய எழுத்தில் போட்டிருந்த தலைப்புக்கு மூலம் இந்த ஒற்றை வரி. பார்க்கவில்லை என்று எழுதியது, கலைந்துவிடும் என்று மாறியிருந்தது. முதலாளியிடம் காட்ட அந்தப் பக்கத்தையும் கழிப்பறை பற்றிய பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். இது எப்படி நடந்தது என்று கேட்டேன். அவளுக்கும் முழுசாகத் தெரியவில்லை. கல்லூரியில் இருந்து பத்திரிகைகளுக்கு ஒரு பக்கச் சுருக்கம் அனுப்பினார்களாம். இடம் போதவில்லை என்று கழிப்பறை விஷயம் அதில் ஓரமாகப் போய்விட்டதாம். நிருபர் அவளுக்குப் போன் செய்து, “கர்ப்பத்தையும் பாதிக்குமா?” என்று கேட்டாராம். “வேற எடங்கள்ல அதப் பத்தி ஆராய்ச்சி பண்றாங்க சார், நாங்க பாக்கல” என்று இவள் சொன்னாளாம். அவர் எழுதி அனுப்பியதற்குத் தலைப்பு வைத்தது இன்னொருவராம். அவள் திருத்தம் கேட்டு இரண்டு கடிதம் போட்டிருக்கிறாள். பதில் இல்லை.

“எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி பொய் சொல்லியிருக்காங்க” என்றேன்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். “முழுப் பொய்னும் சொல்ல முடியாதுக்கா. கடைசியில சரியாத்தான் போட்டிருக்காங்க. நீங்க படிக்கலையா?” என்று பையிலிருந்து அந்த நாள் பேப்பரை எடுத்தாள்.

முதல் பத்திகளுக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘தொடர்ச்சி 7-ம் பக்கம்’ என்று இருந்தது. ஏழாம் பக்கத்தில், ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்துக்குப் பக்கத்தில், மீதிச் செய்தி. கழிப்பறை, நிழல், தண்ணீர் எல்லாம் இருந்தது. கர்ப்பம் குறித்து இந்த ஆய்வில் நேரடியாக ஆராயப்படவில்லை என்றும், பெண்களை வேலையிலிருந்து நிறுத்துவது தீர்வாகாது என்று ஆய்வாளர் கூறியதாகவும் போட்டிருந்தது. அந்தக் கடைசி வாக்கியத்தை விரல் வைத்து இன்னொரு முறை படித்தேன்.

முதலாளி கத்தரித்துப் போர்டில் குத்தியதில் இந்தப் பகுதி இல்லை. அவர் வேண்டுமென்றே விட்டாரா, அவரும் பக்கத்தைப் புரட்டவில்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அன்று பத்து மணிக்கு முழுப் பேப்பர் என் கையில் இருந்தது. ஒரே செய்தியை இரண்டு தடவை வாசிக்க எனக்கு நேரம் இருந்தது. ஒரு பக்கம் புரட்ட இல்லை.

அவளிடம் உண்மையைச் சொன்னேன். வாசித்தது நான்தான் என்றேன். அந்தத் தங்கச்சியைப் பற்றியும் சொன்னேன். ஆராய்ச்சிப் பெண் அந்தப் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தாள். களத்தில் எடை பார்த்தபோது அவளோடு சிரித்துப் பேசியது ஞாபகம் இருக்கிறது என்றாள்.

“போய் அவகிட்ட சொல்றேன். அவ வேலைக்குப் போனதால ஒன்னும் ஆகலன்னு சொல்லிப்போடறேன்” என்று எழுந்தேன்.

“அப்படிச் சொல்லாதீங்கக்கா.” என் கையைப் பிடித்துவிட்டாள். “அதுவும் நமக்குத் தெரியாது. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொல்லித்தான இவ்வளவும் ஆச்சு? தெரியலன்னு சொல்லுங்க. டாக்டருங்க கூட நிறைய பேருக்கு ஏன் கலைஞ்சுதுன்னு காரணம் சொல்ல முடியாது. அதச் சொல்லுங்க.”

பஸ்ஸில் வரும்போது அவள்மேல் எரிச்சலாக இருந்தது. ஒரு பெண் தன் பிள்ளையைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு மூலையில் கிடக்கிறாள். அவளிடம் போய்த் தெரியாது என்று சொல்ல வேண்டுமா? ஒரு சின்னப் பொய் சொன்னால் யாருக்கு நஷ்டம்? ராசிபுரம் வந்து இறங்கும் வரைக்கும் இதையே யோசித்தேன்.

அந்தத் தங்கச்சி வீட்டுக்கு நேராகப் போனேன். மாமியார் வெளியே போயிருந்தாள், நல்ல வேளை. அவள் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை. நானும் முறத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். ஜெராக்ஸை எடுத்து, சேலம் போனது, அந்தப் பெண்ணைப் பார்த்தது, ஏழாம் பக்கம், எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகப் படிக்காமல் வாசித்துவிட்டேன் என்பதையும் சொன்னேன்.

“ரெண்டு தடவ படிச்சீங்களேக்கா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கடலை உரிப்பதை நிறுத்தாமலே கேட்டாள். “அப்ப, நான் களத்துக்குப் போனதால இல்லீங்களா?”

இல்லை என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் கண்ணைப் பார்த்தேன். இத்தனை நாளாக எல்லோரும் அவளிடம் அடித்துச் சொல்லியிருந்தார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணத்தை. நானும் இன்னொன்றை அடித்துச் சொல்லப் போகிறேன். நாளைக்கு வேறு ஒரு பேப்பரில் வேறு ஒன்று வந்தால் என் பேச்சு என்ன ஆகும்?

“தெரியல சாமி” என்றேன். “அந்தப் புள்ள அதப் பாக்கவே இல்ல. அதால ஆச்சுன்னும் சொல்ல முடியாது, அதால இல்லீன்னும் சொல்ல முடியாது. நெறையப் பேருக்கு ஏன் கலைஞ்சுதுன்னு டாக்டருக்கே தெரியறதில்லையாம்.”

அவள் கை நின்றது. அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். ஆனால் நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

“தெரியாதுன்னு ஒருத்தருமே சொல்லலீங்கக்கா. அவரு, அத்தை, பக்கத்து ஊட்டுக்காரங்க, எல்லாரும் கூட இருந்து பாத்த மாதிரித்தான் பேசறாங்க” என்றாள். அப்புறம்தான் அழுதாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சாயங்காலம் வரைக்கும் இரண்டு பேருமாக அந்தக் கடலையை உரித்து முடித்தோம்.

மில் கதையையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் அந்த ஆராய்ச்சிப் பெண் தானே கிளம்பி வந்தாள். ஏழெட்டுப் பேர் சேர்ந்து முதலாளியைப் பார்க்கப் போனோம். உள்ளே போகும் வரைக்கும் எங்கள் ஆட்களே அவளிடம் பேசவில்லை. முதலாளி ஜெராக்ஸை மேலும் கீழும் பார்த்தார்.

“இது யாரு எழுதிக் குடுத்தது? சங்கமா? பேப்பர்ல வந்தது பொய்யின்னா, இது மட்டும் நெசமா?” என்று கேட்டார்.

“நீங்க எங்க வேணும்னாலும் கேட்டுப் பாருங்க சார். ஆனா பேப்பரோட ஏழாம் பக்கத்தையும் படிச்சுட்டுக் கேளுங்க” என்றாள் அவள். கொண்டு வந்த பேப்பரை மேஜைமேல் விரித்து வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “பாக்கலாம், போங்க” என்றார்.

எங்களுக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் சித்திரையில் களத்தோரம் தகரம் அடித்து இரண்டு கழிப்பறை கட்டினார். ஓர் ஓரத்தில் பச்சை வலை கட்டி நிழல் போட்டார். அடுத்த சீசனுக்கு என்னையும் சேர்த்து ஒன்பது பேரைத் திரும்பக் கூப்பிட்டார். பாதிக் களம் வெளியூர் ஆட்களிடமே இருந்தது. ஆய்வைப் படித்து மனம் மாறினாரா, அந்த ஆட்களில் சிலர் ஊருக்குப் போய்த் திரும்பி வராததால் கூப்பிட்டாரா, தெரியாது. காரணம் தெரிந்த மாதிரி சொல்வதை இப்போது குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

கூப்பிடாமல் விட்டவர்களில் மூத்தவளும் ஒருத்தி. இன்றும் சந்தையில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். அந்தத் தங்கச்சியைக் கூப்பிட்டார்கள், அவள் வரவில்லை. ஒரு முட்டைப் பண்ணையில் சேர்ந்துவிட்டாள். பஸ்ஸில் எப்போதாவது பார்க்கும்போது பக்கத்தில் இடம் போட்டுக் கூப்பிடுவாள். வீட்டு விஷயம், பண்ணை விஷயம் எல்லாம் பேசுவாள். அந்த நாளைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை. அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டீ நேரத்தில் பேப்பர் வாசிக்கச் சொல்லி இப்போதும் கேட்கிறார்கள், நானும் வாசிக்கிறேன். முதலில் கடைசி வரி வரைக்கும் வாய்க்குள் படித்துவிட்டுத்தான் சத்தமாகத் தொடங்குகிறேன். அப்படியும் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொள்கிறேன், இந்தச் செய்தி இவர்களில் யாருடைய வீட்டுக்குள் போய் உட்காரப் போகிறதோ என்ற பயம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.